பஸ் ஏறாத முத்திரைகள்

நான் சேர்க்கிற முத்திரைகள் ஒரு கடிதத்திலும் ஒட்டப்படாத தபால்தலைகள். ஆனாலும் ஒவ்வொன்றின் மூலையிலும் தபால் சீல் குத்தியிருக்கும். சொன்னால் பலர் நம்புவதில்லை. தொடக்கத்தில் எனக்கும் விளங்கவில்லை.

முதல் பொட்டலத்தைப் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினேன். பழைய நாணயம், கைக்கடிகாரப் பட்டி, மூக்குக்கண்ணாடி என்று பரப்பி வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் கடை. பொட்டலம் முழுக்கப் பறவைகள். எந்த நாட்டுப் பறவைகள் என்று தெரியாது. எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்தில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கத்துப் பசை அப்படியே பளபளத்தது. சீல் குத்திய முத்திரையில் பசை எப்படி மிஞ்சும்? அடுத்த கிழமை அந்தக் கடையைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, இன்னொருமுறை தாண்டிப் போய், ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். சில நாடுகள் முத்திரையை அச்சடித்த கையோடு, தாள் தாளாகச் சீல் குத்தி, சேர்ப்பவர்களுக்கு மலிவாக விற்றுவிடும் என்று நானா சொன்னார். அவை தபால்பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து இவற்றைத்தான் தேடி வாங்குகிறேன்.

காரணம் அந்தச் சீல்தான். கடிதத்தில் வந்த முத்திரையில் சீல் எங்கே வேண்டுமானாலும் விழும். கிளியின் கண்ணில் விழும், ராணியின் மூக்கில் விழும். இவற்றில் அப்படியில்லை. நான்கு முத்திரைகளின் மூலைகள் சேருகிற இடத்தில் ஒரே குத்து. ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் கால்வாசி கிடைக்கும். பறவையின் ஒரு இறகிலும் மை படாது. நான் வெள்ளவத்தையில் ஒரு லோண்டரியில் உடுப்பு அயன் பண்ணுகிறவன். சட்டையில் பொத்தானைச் சுற்றி அயன் பெட்டியின் மூக்கைக் கொண்டுபோகும் வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்று எனக்குத் தெரியும். எங்கோ ஒருவர் தாள் தாளாக, ஒரு பறவையையும் அழுக்காக்காமல் குத்திக்கொண்டு போயிருக்கிறார். இயந்திரம்தான் குத்தியது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அந்த இயந்திரத்தை அந்த இடத்தில் நிறுத்தி வைத்ததும் ஒரு கைதானே.

வெள்ளவத்தையிலேயே, காலி வீதியில் ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடியில் மாதம் ஒரு ஞாயிறு முத்திரை சேர்ப்பவர்கள் கூடுவார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை நடத்துகிறார். நானும் போவேன். கடைசிக் கதிரையில் இருந்து, மற்றவர்கள் காட்டுவதைப் பார்த்துவிட்டு வருவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன், அங்கே என்ன கதைப்பது?

அங்கே எனக்குப் பிடித்தவர், துறைமுகத்துக்குப் பக்கத்துக் கொச்சிக்கடை என்ற இடத்தில் இருக்கிற ஒருவர். கொச்சிக்கடைக்காரர் என்றுதான் சொல்வோம். துறைமுகப் பண்டகசாலையில் வேலை செய்தவர். கப்பல் கம்பனிகள் எறிந்த கடித உறைகளைப் பொறுக்கியே பெரிய சேகரிப்பு உண்டாக்கியவர். நான் இருக்கிற கொட்டாஞ்சேனைக்கும் அவருடைய வீட்டுக்கும் நடை தூரம்தான் என்பதால் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவோம். உறையிலிருந்து முத்திரை கழற்றுவதில் அவரைப் போல ஆள் இல்லை. ஒரு நீலப் பேசினில் இளஞ்சூடான தண்ணீர். வெட்டிய துண்டுகளை அதில் மிதக்க விட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்தபடி காத்திருப்பார். இழுக்கவே மாட்டார். முத்திரை தானாகத் தாளை விட்டு வரும். மற்றவர்கள் கிழித்துவிடுவோம் என்று பயப்படுகிற முத்திரைகளை அவரிடம்தான் கொண்டு வருவார்கள்.

என் முத்திரைகள் மட்டும் அவருக்குப் பகிடி.

"தம்பி, உன்ர சாமான் எல்லாம் பஸ் ஏறாமலே டிக்கட் கிழிச்ச ஆக்கள்" என்பார். பஸ்ஸில் வைத்தே, நாலு பேர் கேட்கச் சொல்வார். நான் சிரிப்பேன். அவர் சொல்வதில் பிழையில்லை. அவருடைய முத்திரைகள் கடல் தாண்டியவை. நானோ என் முத்திரைகளோ எங்கும் போனதில்லை.

வருடத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் தங்கள் பக்கங்களை மேசையில் விரித்து வைப்பார்கள். போன வருடம் கூட்டத்தை நடத்துகிறவர் என்னிடம் வந்து, இந்தமுறை கடைசி மேசை உமக்கு என்றார். மறுக்க வாய் வராததால் ஒப்புக்கொண்டேன். அதன்பிறகு நித்திரை இல்லை. மனைவி, "பறவையத்தானே காட்டப் போறீங்க, பாட்டா பாடப் போறீங்க?" என்று கேட்டாள்.

காட்டுவதற்கு என்னிடம் உண்மையில் பெருமையான ஒன்று இருந்தது. பிரிக்காத நான்கு முத்திரைகள், நான்கு மீன்கொத்திகள். நடுவில் சீல் முழு வட்டமாக, ஊர்ப் பெயரோடு. பின்னால் முழுப் பசை. அந்த நாடு இப்போது உலகப்படத்தில் இல்லை. பசை இருக்கும்வரைதான் அவை தபாலில் போகாதவை என்பதற்குச் சாட்சி. மூலையில் சீல் விழுந்த கடித முத்திரைகளும் உலகத்தில் உண்டல்லவா.

என் கையெழுத்து கோணலாக இருக்கும். அதனால் சனிக்கிழமை பின்னேரம் பக்கங்களைக் கொச்சிக்கடைக்காரரிடம் கொடுத்து, கீழே விளக்கம் எழுதித் தரச் சொன்னேன். அவர் கையெழுத்து அச்சு மாதிரி. மீன்கொத்திகளுக்குக் கீழே, "பிரிக்காதது. பசை போகாதது" என்று எழுத வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை பஸ் நிற்கும் இடத்தில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். வழக்கமாக நான்தான் காத்திருப்பேன். பக்கங்களின் பையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"தம்பி, நான் ஒரு நாசவேலை செஞ்சிட்டன்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். முதல்நாள் மழை. துறைமுகக் காற்றின் ஈரம் வேறு. மீன்கொத்திகளின் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய முத்திரையைக் கண்டதும் அவர் கை யோசிக்கவில்லை. தாளைச் சுற்றி வெட்டிப் பேசினில் போட்டுவிட்டது. தேத்தண்ணியை வாயில் வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று விளங்கியிருக்கிறது. அவசரமாக எடுத்தபோது, முத்திரைகளுக்கு நடுவிலுள்ள ஓட்டைவரிசை ஊறிக் கிழிந்து நான்கும் தனித்தனியாகக் கழன்றுவிட்டன. பசை தண்ணீரோடு போய்விட்டது.

கோபமா என்று கேட்டால், கோபம்தான். அதைக் காட்டவும் எனக்குத் தெரியாது. பஸ் வந்தது, ஏறினோம். இருக்கையில் இருந்தபடி அவரிடமிருந்து பையை வாங்கித் திறந்தேன். புதிய பக்கத்தில் நான்கையும் அவ்வளவு ஒழுங்காகச் சேர்த்து வைத்து, மேலே கண்ணாடித்தாள் போட்டிருந்தார். வட்டம் வட்டமாகவே இருந்தது. முன்னால் பார்க்கிற ஒருவருக்கும் எதுவும் தெரியாது. காட்சியில் கண்ணாடித்தாளைத் தூக்கிப் பார்க்கும் வழக்கமும் இல்லை. பேசாமல் வைத்துவிடலாம் என்று என் மனம் சொன்னது.

பிறகுதான் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன். "இந்த நான்கும் நேற்றுவரை ஒன்றாக இருந்தன. பசையும் இருந்தது. கழுவிக் கெடுத்தவர்" என்று எழுதி, அதே அச்சுக் கையெழுத்தில் தன் முழுப் பெயரையும் போட்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் அவருடைய பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியும். முத்திரையைக் கழுவ அவரைத் தேடித்தான் வருவார்கள். இதைப் படித்த பிறகு யார் வருவார்கள்?

"பேர் வேணாம்ணே" என்றேன். "வேற தாள் எடுத்து எழுதுவம்."

"சீல் எண்டா அதில ஊர்ப்பேர் இருக்கோணும் தம்பி. இது நான் குத்தினது."

நான் பையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். வெள்ளவத்தையில் இறங்கினோம்.

பக்கத்தை எடுத்து வைப்பதா விடுவதா என்று மேசை முன்னால் நின்று யோசித்தேன். அவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். நான் அதை எல்லாப் பக்கங்களுக்கும் முன்னால் வைத்தேன். ஒரு மனிதர் அப்படி எழுதிக் கொடுத்ததை மறைத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

நடத்துகிறவர் முதலில் வந்தார். குனிந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். பிறகு கொச்சிக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் கடைசி மேசைக்கு வந்துவிட்டார்கள். அத்தனை பேர் என்னைச் சுற்றி நின்றது அதுதான் முதல் தடவை. சிலர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, பிழை செய்த மாணவனைப் போல நின்றார். யாரோ, இந்த முத்திரைகள் உண்மையிலேயே ஒரு இடத்துக்கும் போனதில்லையா என்று என்னைக் கேட்டார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "இல்ல சேர், அண்ணன்ட பேசின் வரைக்கும் போய் வந்திருக்கு" என்றேன்.

முதலில் சிரித்தது கொச்சிக்கடைக்காரர்தான். சத்தமாக, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு மற்றவர்களும். ஒருவர் தன் பையிலிருந்து உறையோடு ஒரு முத்திரையை எடுத்து அவரிடம் நீட்டி, இதைக் கழற்றித் தர வேண்டும், ஆனால் பார்த்து என்றார். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் நான் மற்றப் பக்கங்களைக் காட்டினேன். இடுக்கியால் ஒரு மரங்கொத்தியைத் திருப்பிப் பசையைக் காட்டினேன். நால்மூலைக் குத்தைப் பற்றிச் சொன்னேன். அயன் பெட்டியையும் பொத்தானையும் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

திரும்பும்போது கொட்டாஞ்சேனையில் இறங்கவும் தூறல் பிடித்தது. அவரிடம் ஒரே ஒரு குடை இருந்தது. அதை விரித்து, எனக்கும் பிடிக்காமல் தனக்கும் பிடிக்காமல், என் கையிலிருந்த பைக்கு மேலே பிடித்துக்கொண்டார். வீட்டு வாசல்வரை இருவரும் நனைந்துகொண்டே நடந்தோம்.