ஓடையோரப் பாதையில் நட்ட கற்கள்

வைகாசி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இரண்டே வரிகள் இருக்கின்றன. "ஓடையோரப் பாதையில் கல் தூண்கள் நட்டு முடிந்தது. நல்ல வேலை." இரண்டாவது வரியை அடித்துவிடலாம் என்று பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். எழுதியதைத் திருத்தக் கூடாது என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. அதனால் அது அப்படியே கிடக்கிறது.

எங்கள் குடியிருப்பு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டைக்குள் போக இரண்டு வழிகள். ஒன்று ஓடையை ஒட்டிய மண் பாதை. மற்றது நெடுஞ்சாலையைச் சுற்றி, டிரெய்லர் லாரிகளுக்கு எதிர்த் திசையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது. மழைக்காலத்தில் முதலாவது சேறு. இரண்டாவது எப்போதும் பயம்.

எதிர்வீட்டுப் பெண் போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்தவள். பேட்டையில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து ஒயர் இணைப்புகளைச் சரிபார்க்கும் வேலை. பொன்னேரியில் ஒரு மெக்கானிக்கிடம் பக்கச் சக்கரம் இரண்டு பொருத்திய ஸ்கூட்டரில், யார் துணையுமின்றி ஓடையோரமாகவே போய் வருவாள். காலை ஐந்தேகாலுக்கு அந்த வண்டி கிளம்பும் சத்தத்தில்தான் நான் பால் வாங்கப் போவேன்.

சிறு குடியிருப்புகளின் பொது இடங்களைச் சீர்செய்ய ஓர் அமைப்பு நிதி கொடுக்கிறது என்று தெரிந்ததும் விண்ணப்பம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எந்தெந்த நாட்களில் பாதையில் தண்ணீர் நின்றது என்று பல வருடக் குறிப்பு என்னிடம் இருந்ததே காரணம். புகைப்படமும் கேட்டிருந்தார்கள். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வண்டியைச் சேற்றுக்குள் இறக்கி நிறுத்தினாள்.

"நல்லா மாட்டிக்கினு இருக்கற மாதிரி எடு சார். சோகமா இருக்கணுமா?"

"சிரிக்காம இரும்மா, போதும்."

"அதான் சார் கஷ்டம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அந்தப் படத்தையே அனுப்பினேன். நிதி கிடைத்தது.

சேறு போய்க் கல் பதித்த பாதை வரும் என்றதும், நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து பைக்குகள் இந்த வழியாகப் பாயும் என்று தாய்மார்கள் பயந்தார்கள். மண் பாதையாக இருந்தபோதே ஒரு பைக் மோதி ஒரு சிறுமிக்குக் கால் முறிந்திருந்தது. தடுப்பு வேண்டும் என்று நான்தான் விண்ணப்பத்தில் சேர்த்தேன். பொதுவழிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் வரைபடம் இருந்தது: இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் தூண்கள். நடப்பவர் வளைந்து போகலாம், பைக்கால் வளைய முடியாது. ஊனமுற்றோருக்கு இடைஞ்சல் ஆகக் கூடாதே என்று, தேவாலயத்திலிருந்த சக்கர நாற்காலியைக் கடன் வாங்கி, சுண்ணாம்புக் கோடுகளுக்கிடையே நானே தள்ளிப் பார்த்தேன். காலி நாற்காலி அழகாகத் திரும்பியது. அன்று அவளுக்கு முதல் ஷிப்ட். அவளுடைய ஸ்கூட்டர் வாசலில் இல்லை. அதை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கற்கள் நட்ட மறுநாள் காலை வண்டிச் சத்தம் பாதி வழியில் நின்றது. போய்ப் பார்த்தேன். முதல் வரிசையிலேயே பக்கச் சக்கரம் இடித்து நின்றிருந்தாள்.

"இன்னா சார், எனக்கு மட்டும் வேலி போட்டுக்கினீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். இன்னொரு பக்கம் வழி விட்டிருப்பேன் என்று நம்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் பிரேக்கை விட்டாள். நானும் பால்காரரும் வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டோம். நெடுஞ்சாலை வழியாகப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். ஒரு கல்லை எடுத்துவிடலாம் என்றேன். கால் முறிந்த சிறுமியின் தாய் எழுந்தாள்.

"எடுத்தா பைக்குகாரனுங்க திரும்பப் பூந்துடுவானுங்க பெரியப்பா. எம் பொண்ணு கால்ல கம்பி இன்னும் இருக்குது. இவ வண்டி போற வழியில பைக்கு போவாதா? நீங்களே சொல்லுங்க."

போகும். அவள் வண்டி நுழையும் இடைவெளியில் எந்தப் பைக்கும் நுழையும். கல்லை எடுக்கும் பேச்சை விட்டுவிட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணும் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு கல்லுக்குப் பதில் பூட்டுப் போட்ட இரும்புத் தூண் வைக்கலாம், சாவி உன்னிடம் இருக்கட்டும் என்று பிறகு அவளிடம் சொன்னேன்.

"எறங்கித் தொறக்கறதுக்குக் கால் இருந்தா நான் இன்னாத்துக்கு சார் இந்த வண்டில வரேன்?"

"நான் வந்து தினமும் திறக்கிறேன்மா."

"உங்களுக்கு ஒடம்பு முடியலன்னா அன்னிக்கு எனக்கு லீவா? யாராவது தொறந்து வுட்டாத்தான் வெளிய போவேன்னா, அதுக்கு ஊட்லயே இருந்துடலாம் சார்."

நிதி கொடுத்தவர்களுக்கு எழுதினேன். பணி நிறைவுற்றுக் கோப்பு முடிக்கப்பட்டது, ஒரே இடத்துக்கு மறுமுறை விண்ணப்பிக்க இயலாது என்று மரியாதையான பதில் வந்தது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியும் முன் மழையில், டிரெய்லர் ஒன்று உரசிக்கொண்டு போனதில் வண்டி சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்தது. கண்ணாடி மட்டும் உடைந்தது, அவளுக்குச் சிராய்ப்புதான். ஆனால் அவள் அம்மா வண்டிச் சாவியை எடுத்து ஒளித்துவைத்தார். ஒரு வாரம் சண்டை போட்டாள். எட்டாம் நாள் சண்டை நின்றது. இப்போது பேட்டையிலிருந்து ரப்பர் வாஷர்கள் மூட்டையாக வீட்டுக்கு வருகின்றன. வாசலில் உட்கார்ந்து கூலிக்கு ஓரத்துப் பிசிறு நறுக்குகிறாள். ஸ்கூட்டர் பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கிறது.

பாதை நன்றாகத்தான் இருக்கிறது. மாலையில் பெண்கள் நடக்கிறார்கள். அந்தச் சிறுமி சைக்கிளைத் தூண்களுக்கிடையே உருட்டிப் போகிறாள். நானும் நடக்கிறேன். பாதை தொடங்கும் இடத்தில் நிதி கொடுத்த அமைப்பின் பலகை. "முன்பு" என்ற படத்தில் சேற்றில் வண்டியோடு அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "பின்பு" என்ற படத்தில் ஆளில்லாத சுத்தமான பாதை.

போன தை மாதம், வாஷர் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "சார், அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துடச் சொல்றீங்களா?"

எழுதிக் கேட்டேன். நிதி ஒப்பந்தப்படி பலகையை ஐந்து ஆண்டுகள் எந்த மாற்றமும் இன்றிப் பராமரிக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கீழே என் கையெழுத்து, தேதியோடு.

மாதத்தின் முதல் ஞாயிறு ஈரத் துணியோடு போகிறேன். லாரிப் புழுதி முதலில் படிவது அவள் முகத்தில்தான். அதைத் துடைத்துவிட்டு, துடைத்தேன் என்று எழுதிவைக்கிறேன்.