செக்காலையில் மட்டும் தெரிந்த படம்

துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு செக்காலை ரோட்டில் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஒன்றரை வருடம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரை விட்டாயிற்று. பின்னால் யாரும் கூப்பிடவில்லை; கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரி கிளீனராகவும் லாட்ஜில் அறை கூட்டுபவனாகவும் ஊர் ஊராகத் திரிந்தவன் நான். தங்கிய இடங்களில் அதிக நாள் இருந்தது அங்கேதான்.

சண்டை, சென்டருக்கு வேலை கொடுக்க வந்துகொண்டிருந்த கல்லூரி டீச்சரோடு. விடுப்புப் போட்டுவிட்டுக் கண்மாய்த் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இணையத்தில் வரும் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அவருடைய கட்டுரையை ஏற்றிருந்தது. படிப்பவர் மழையளவைத் தேர்ந்தெடுத்தால், கடைசி வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் பாயும் என்கிற வரைபடம் உடனே மாற வேண்டும். மாறினால் முழுக் கட்டுரையாகப் போடுவார்கள், இல்லாவிட்டால் சிறு குறிப்பாக. முழுக் கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். விடுப்போ முடியப்போகிறது.

அதற்கான கருவி எதுவும் எங்களிடம் இல்லை. பக்கம் தயாரிக்கும் மென்பொருள் ஒன்றை மதுரையிலிருந்து வாங்கி வந்தேன். மூன்று முறை பாதியில் நின்று, நான்காம் முறைதான் நிறுவ முடிந்தது. டீச்சர் ஒவ்வொரு மழையளவுக்கும் ஒரு வரைபடம் வரைந்து கொடுத்தார். அவற்றை அந்த மென்பொருளில் சேர்த்து, மாற்றிக் காட்டும் கட்டளைகளை மட்டும் ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். ஒரு புள்ளி விட்டுப்போனால் எல்லாம் படுத்துவிடும். தொலைபேசி வழி இணைய இணைப்போ பக்கம் பாதி ஏறும்போது அறுந்துவிடும். கடைசியில் படம் மாறியபோது டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மழையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மழை இப்படி நாம சொன்னபடி கேட்டா எப்படி இருக்கும்” என்றார்.

நான்காம் நாள் இதழிலிருந்து கடிதம் வந்தது. படம் தெரியவில்லை, வெறும் கட்டம்தான் இருக்கிறதாம். இணையத்தில் ஏற்றிய பக்கத்தை எங்கள் கணினியில் திறந்தேன். படம் அழகாக மாறியது. மறுபடி ஏற்றினேன். மறுபடி அதே பதில். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவுக கம்ப்யூட்டர் பழசா இருக்கும் டீச்சர். மாத்தச் சொல்லி எழுதுங்க.”

“வெள்ளக்காரன் கம்ப்யூட்டரு பழசு, செக்காலைல இருக்கது புதுசாக்கும்?”

“இங்குட்டு வந்து நீங்களே பாருங்க. தெரியுதா இல்லையா?”

“எனக்குத் தெரிஞ்சு என்னப்பா செய்ய? படிக்கிறவுக அங்குட்டுல்ல இருக்காக.”

பேச்சு தடித்தது. வந்தவர்களிடம் வாயாடாதே என்றார் முதலாளி. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அன்றிரவு தேவகோட்டைப் பேருந்து நிலையத்தில் படுத்தேன். மறுநாள் காலை அங்கே புதிதாகத் திறந்திருந்த ஒரு சென்டரில் போய் வேலை கேட்டேன். என்ன தெரியும் என்றார் கடைக்காரர். கொஞ்சம் திமிராகவே டீச்சரின் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துகள் வந்தன. படம் வரவில்லை. மழையளவை மாற்றினேன். வெறும் கட்டம்.

“என்ன தம்பி, ஒண்ணையும் காணோம்?”

பக்கத்தின் உள்ளே இருந்த கட்டளைகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் செக்காலைக் கணினியின் சொந்த வன்தட்டில் அது இருந்த இடத்தையே முகவரியாக எழுதியிருந்தது அந்த மென்பொருள். உலகத்தில் யார் திறந்தாலும் படத்தைத் தன் கணினிக்குள்ளேயே தேடும். எங்களுடையதில் மட்டும் கிடைக்கும். இப்போது எவருடைய கைபேசியிலும் வரைபடங்கள் விரல் பட்டதும் ஆடுகின்றன. அப்போது அந்த ஒற்றை வரியைக் கண்டுபிடிக்க நான் ஊர் மாற வேண்டியிருந்தது.

எதிர்க்கடைத் தொலைபேசிக்கு ஓடி டீச்சரைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையதுதான், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்றேன்.

“படம் வேணாம், குறிப்பாவே போட்டுருங்கன்னு காலைலதான் எழுதி அனுப்புனேன்” என்றார். “நீதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியே.”

மறுபடி எழுதிக் கேட்கலாமே என்றேன். எத்தனை தடவைதான் கேட்பது என்று போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது கடைக்காரர் ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை மேசையில் வைத்திருந்தார். முதல் வேலையாக அவற்றுக்கு விலாசம் அடிக்கச் சொன்னார். உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன்.