மிச்சம் சாப்பிடாத அம்மா

எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு தட்டு இருக்கவில்லை. அப்பாவுக்கு எவர்சில்வர் தட்டு, எனக்குப் பூப்போட்ட தட்டு, தம்பிக்குக் கார் படம் போட்ட தட்டு. நாங்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு அம்மா வந்து உட்காருவார். எந்தத் தட்டில் அதிகம் மிஞ்சியிருக்கிறதோ அதைத் தன் பக்கம் இழுத்து, மற்றத் தட்டில் கிடப்பதையும் அதில் வழித்துப் போட்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதையும் சுரண்டிச் சேர்த்துச் சாப்பிடுவார். தம்பி பிய்த்தெறிந்த பாண் துண்டின் ஓரம், நான் கடித்து வைத்த ரோல்ஸின் வால், ஆறிப்போன புட்டு எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அம்மாதான்.

நான் வேண்டுமென்றே மிச்சம் வைப்பதும் உண்டு. மீன் குழம்பில் முள்ளில்லாத துண்டாகப் பார்த்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, வயிறு நிரம்பிவிட்டது என்று எழும்புவேன். அம்மா அதை வாயில் போடுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போவேன். பத்து வயதில் ஒரு மனுசிக்கு அன்பு காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அந்த வருடம் அம்மாவின் இரத்தத்தில் சீனி எல்லையில் வந்து நிற்கிறது என்றும், ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். மூன்று மாதத் தவணை கொடுத்தார். உடம்பைக் குறைத்துச் சீனியை இறக்கினால் நல்லது, இறங்காவிட்டால் தினமும் குளிசை போடத் தொடங்க வேண்டும் என்றார். அம்மாவின் மூத்த அண்ணா அந்த வருத்தத்தில்தான் ஒரு பாதத்தை இழந்தவர். அம்மா அன்று கிளினிக்கிலிருந்து வந்து, மாமாவின் பெயரைக்கூடச் சொல்லாமல், தன் கால்விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பயந்துபோயிருக்கிறார் என்பது எனக்குக்கூட விளங்கியது.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து காலி வீதிக்கு ஏறினால், சட்டை தைக்கிற கடையொன்றின் மேல்மாடியில் ஒரு ஜிம் இருந்தது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும். அங்கே பயிற்சி கொடுக்கிறவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு அக்கா. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் குண்டெறிந்தவராம். அது அவரது தோள்களைப் பார்த்தாலே தெரியும். பள்ளி விடுமுறையாக இருந்ததால் முதல் நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டைப் பற்றிக் கோச் அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் என்ன, பகல் என்ன என்று அம்மா சொல்லச் சொல்ல, அதில் பெரிதாகப் பிழை எதுவும் இல்லாதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "புள்ளைங்க மிச்சம் வெக்கிறதை யாரு சாப்புடுறது?" என்று பிறகு கேட்டார். அம்மா சிரித்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"அக்கா, மொதல்ல ஒங்களுக்குன்னு ஒரு பிளேட் வாங்குங்க. அடுத்தவங்க பிளேட்டுல இருந்து ஒரு வாய்கூட எடுக்கக் கூடாது. கால் ரொட்டி, அரை ரோல்ஸுன்னு போனதுதான் இந்த ஒடம்பு."

வரும் வழியிலேயே அம்மா ஒரு நீலத் தட்டு வாங்கினார். அதைப் பார்த்த கணமே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் அப்போது பெரிய மாமி இருந்தார். அப்பாவின் அக்கா. ஒரு கண்ணில் படலம் எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மற்றக் கண்ணையும் பார்த்துவிட்டே போகலாம் என்று தங்கிவிட்டார். ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்த காலத்தில்கூட வீட்டில் அவர் காணாத விஷயம் ஒன்றுமில்லை.

"இஞ்ச பாரும், இரும்பு தூக்கிறது ஆம்பிளையளின்ர வேலை. பொம்பிளை தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும். குளிசையப் போட்டுக்கொண்டு கடற்கரையில நடந்தாப் போதும்" என்றார் மாமி.

"மூண்டு மாசம் விடுங்கோ மச்சாள். சீனி இறங்காட்டி ஜிம்மை விட்டிட்டு, நீங்க சொல்லுறபடி குளிசையப் போட்டுக்கொண்டு கடற்கரையில நடக்கிறன்" என்றார் அம்மா.

அப்பாவைக் கேட்டதற்கு, "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டின் பெரிய முடிவுகள் எல்லாவற்றிலும் அப்பாவின் பங்கு அந்த ஒரு சொல்தான். ஆனால் அம்மா சொன்னது ஒப்பந்தமாயிற்று. மூன்று மாதம் முடிய இரத்தம் சோதித்து அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் ஜிம்மா குளிசையா என்று தீர்மானம்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறை வேறு சட்டத்தில் ஓடத் தொடங்கியது. அம்மாவுக்கு ஒரு சின்னக் கோப்பை சிவப்பரிசிச் சோறு, தட்டில் பாதிக்கு மரக்கறி, ஒரு துண்டு மீனோ தோலெடுத்த கோழியோ, காலையில் நான்கு முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் கரு நான்கும் எங்களுக்கு. முதல் வாரம் அது கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாம் வாரம் சம்பலில் மஞ்சள் கரு, சோற்றில் மஞ்சள் கரு, பாணுக்கு நடுவே மஞ்சள் கரு. மூன்றாம் வாரம் தம்பி தன் பங்கை ஜன்னலால் காகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினான். எங்கள் மாடிக் காகங்கள் அந்த வருடம் நன்றாகக் கொழுத்தன. வெள்ளிக்கிழமை வீட்டில் முட்டை உடைக்கக் கூடாது என்பதால் அன்றைக்கு மட்டும் அவித்த கடலையும் சோயா மீட்டும். அதையும் அம்மா நிறுத்துத்தான் போட்டுக்கொள்வார்.

அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. முதல் நாளிரவு வழக்கம்போல மீன் துண்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழும்பினேன். அம்மா நீலத் தட்டோடு எனக்கு எதிரே இருந்தார்.

"உன்ர தட்டில இருக்கிறதை நீதான் முடிக்க வேணும் பிள்ளை."

"எனக்கு வேணாம். உங்களுக்குத்தான்."

"அம்மாவுக்கு அம்மாட தட்டில இருக்கு."

அந்த மீன் துண்டைக் குப்பை வாளியில் போட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவை அந்த நீலத் தட்டு எங்களிடமிருந்து பறித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்தடுத்த வாரங்களில் விதம்விதமாக மிச்சம் வைத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரு நாள் தட்டை ஒளித்தும் வைத்தேன். அம்மா அசையவில்லை. தட்டைக் காணாத அன்று தேநீர்ச் சாசரில் வைத்துச் சாப்பிட்டார்.

ஆனால் அம்மா மாறிக்கொண்டு வந்தார். ஃபிளாட்டின் லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் (வேலை செய்த நாட்களைவிட அவைதான் அதிகம்) மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கும் அம்மா இப்போது நேரே நான்காம் மாடிக்கு வந்து எங்களைக் கூப்பிடுவார். சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஜிம்மில் வெறும் கம்பியோடு தொடங்கியவர், நாற்பது கிலோவை நிலத்திலிருந்து தூக்கி நிமிர்ந்தாராம். அதைச் சொன்ன அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நாற்பது கிலோ என்றால் நானும் தம்பியும் சேர்ந்த எடை. எங்களையே தூக்கியிருக்கலாமே என்று எரிச்சல்பட்டேன்.

மூன்று மாதம் முடிந்து சோதனை நாள் வந்தது. சனிக்கிழமை காலையில் இரத்தம் கொடுப்பது, பின்னேரம் டாக்டரைப் பார்க்கச் சனல் பண்ணி நம்பர் எடுத்திருந்தது. அந்த டாக்டர் வெள்ளவத்தைக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். "காலமை இரத்த ரெஸ்ட் முடியும்வரைக்கும் ஒண்டும் சாப்பிடக் கூடாது" என்று வெள்ளி இரவே அம்மா சொன்னார். எங்கள் வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு பெயர்தான் உண்டு. அம்மா சீனி இறங்க விரதம் பிடிக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். விரதம் என்றால் கோயிலுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு நேரமில்லை, ஆகவே நான் போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சதுர்த்தியும்கூட. அப்பாவையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைப் பிள்ளையாரிடம் போய், அம்மாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தேன். கோபமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மாவின் கால்விரல்கள் எனக்கு வேண்டும். ஐயர் வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் தந்தார். வழியெல்லாம் அதைச் சாப்பிட்டுக்கொண்டு வந்து, பாதியில் ஞாபகம் வந்து நிறுத்தினேன். அப்பா என்னை இரத்தம் எடுக்கிற லாப்பின் வாசலில் விட்டுவிட்டுத் தம்பியோடு பாண் வாங்கப் போனார்.

உள்ளே பிளாஸ்டிக் கதிரையில் அம்மா நம்பர்த் துண்டோடு இருந்தார். பதினான்காம் நம்பர். பன்னிரண்டைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அம்மா, ஆவெண்டுங்கோ. உங்கட பேரில அர்ச்சனை செய்தது."

அம்மா என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த நம்பரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன். இலையில் மீதியிருந்ததையும் வழித்து ஊட்டினேன். அம்மா அவசரப்படாமல் மென்றார்.

"நல்லாயிருக்கு. கஜுவும் போட்டிருக்கினம்" என்றார்.

பதின்மூன்று போய் வந்தது. பதினான்கைக் கூப்பிட்டபோது அம்மா எழும்பிப் போய்க் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ மெல்லச் சொன்னார். என் சிங்களம் அப்போது பாணும் முட்டையும் வாங்கும் அளவுக்குத்தான். அந்தப் பெண் என்னை எட்டிப் பார்த்துச் சிரித்தார். என் சட்டை பிடித்திருக்கிறது போலும் என்று நானும் சிரித்தேன். ஊசி ஒன்றும் குத்தாமலே நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

"ரிப்போட் எப்ப தருவினமாம்?" என்று மாமி வாசலிலேயே கேட்டார்.

"இண்டைக்கு எடுக்கேல்லை மச்சாள். அடுத்த முறை எடுப்பம்."

"பயந்திட்டீர்" என்றார் மாமி.

அம்மா குளித்துவிட்டு வந்து சமைத்தார். பின்னேரச் சனல் நம்பரும் போயிற்று. டாக்டர் திரும்ப வர இரண்டு கிழமை. ரிப்போர்ட் வரட்டும், பிறகு ஜிம்முக்குப் போவதைப் பார்க்கலாம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அந்த இரண்டு கிழமையும் மாமி நாளுக்கொரு தரமாவது அந்தப் பயத்தை எடுத்து வெளியே வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு காய் நறுக்கினார். எனக்கு அம்மாவை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, ஊசிக்கு இவ்வளவு பயமா என்று.

ஒருநாள் அறைக் கதவைத் திறந்தபோது, அம்மா பத்துக் கிலோ அரிசிப் பையைத் தோளில் வைத்துக் குந்திக் குந்தி எழும்பிக்கொண்டிருந்தார். சாப்பிட விடாத அரிசியைத் தூக்கவாவது விட்டார்களே என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அடுத்த முறை நாங்கள் எழும்புமுன்னரே அம்மா தனியாகப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பின்னேரம் டாக்டர், சீனி நன்றாக இறங்கியிருக்கிறது, குளிசை தேவையில்லை, செய்வதை விடாமல் செய்யுங்கள் என்றாராம். அப்பா லட்டு வாங்கி வந்தார், யாருக்கென்று யோசிக்காமல்.

"இரும்பு தூக்கி இறங்கேல்லை. கடலை சாப்பிட்டுத்தான் இறங்கினது" என்றார் மாமி.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ரெண்டும் இல்லை. என்ர பொங்கலாலதான் இறங்கினது. அண்டைக்கு லாப்பில வைச்சு அம்மாவுக்கு நான்தான் ஊட்டினனான்" என்றேன்.

மாமி கையிலிருந்த லட்டைத் தட்டில் வைத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீர் ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது மச்சாள்" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "ஓம் பிள்ளை, உன்ர பொங்கல்தான்" என்றார்.

மாமி அதற்குப் பிறகு இரும்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது பிள்ளையாரின் மகிமை என்று நான் நம்பினேன். மாமி யாழ்ப்பாணம் திரும்பிய நாளில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அம்மா மாமியின் சூட்கேஸை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நான்கு மாடியும் இறங்க, மாமி பின்னால், "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே போனார்.

வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய இரத்தம் அது என்பது எனக்கு விளங்கப் பல வருடம் ஆயிற்று. விளங்கிய பிறகும் கேட்கக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. ஜிம்மை விடவில்லை, நீலத் தட்டின் விளிம்பு மட்டும் உடைந்துவிட்டது. போன மாதம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டா ரெஸ்ட் பிழைக்குமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. பத்து நிமிசம் பொறு எண்டு சொல்லியிருக்கலாம். ஏன் வாயைத் திறந்தனீங்கள்?"

அம்மா வாயிலிருந்ததை மென்று முடித்தார்.

"மூண்டு மாசமா உன்ர மிச்சம் ஒண்டும் சாப்பிடேல்லை. ஆசையாக் கிடந்தது" என்றார்.

அந்த மூன்று மாதமும் நீலத் தட்டோடு கோபமாக இருந்தது வீட்டில் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.