மேற்குப் பார்த்த சீதன வீடு

இரண்டு தங்கைகளில் மூத்தவளுக்குக் கல்யாணம் பேசியபோது நான் கொழும்பில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஊரான புங்குடுதீவில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் தாலி ஏறாது. அந்த வீட்டை நானே கீறினேன். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று நேரே உள்ளே வர, ஓட்டுக்கூரை, பின்னேர வெயிலை மறிக்க மேற்கே அகன்ற விறாந்தை. அந்தப் படத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

மாப்பிள்ளை பகுதியார் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். தெரு மேற்கே இருக்கிறது, வீட்டின் நீளப் பக்கம் தெருவைப் பார்க்க வேண்டும். கொழும்பு வீடுகள் போலக் கொங்கிறீட் தட்டுக்கூரையும், முன்சுவரில் பெரிய கண்ணாடி யன்னல்களும் வேண்டும்.

"ஐயா, அது வீடில்லை, அடுப்பு. உள்ளுக்கை ஒருத்தரும் இருக்க ஏலாது," என்றேன் தகப்பனிடம்.

"இருக்கிறதைப் பிறகு பாப்பம். முதல்ல கல்யாணம் நடக்கட்டும்," என்றார் ஐயா.

ஒரு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன். மறுநாள் கீறிக் கொடுத்தேன், ரோசம் கெட்டவன்.

அலுவலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. பனி விழும் நாடுகளில் வெயில் படும் பக்கம் கண்ணாடி வைத்து, தடித்த சுவரில் பகல் வெப்பத்தைப் பிடித்து, இரவில் வீட்டைச் சூடாக்குகிற வித்தை அதில் இருந்தது. வேர்த்து வடிகிற எங்கள் தீவில் அந்த வித்தையைப் பிசகில்லாமல் செய்து முடித்தோம். பின்னேர வெயில் முழுவதும் கண்ணாடிக்குள்ளால் வந்தது. விடியும்வரை சுவரும் தட்டும் அதைத் திருப்பிக் கக்கின.

மாப்பிள்ளைக்குத் தெற்கே, சிங்களப் பகுதியில் கடை. வருஷத்தில் இரண்டு தரம் வருவார். மற்ற நாளெல்லாம் வெந்தவள் என் தங்கை. பிள்ளை பிறந்து, உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டு, அழுது அழுது பால் குடிக்காமல் கிடந்தபோது, பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலிருந்த, சமைக்கிற ஓலைக் குசினிக்குக் குடிபோனாள். வீட்டைக் கூட்டித் துடைத்துப் பூட்டி வைத்தாள். அவர் வந்தால் மட்டும் திறப்பாள்.

ஊர் தெருவில் நின்று அந்த வீட்டை மெச்சியது. சின்னவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதைக் காட்டி, "இதுமாதிரியே வேணும்," என்றார்கள். ஐயா என்னைப் பார்த்தார். இந்த முறை நான் நேரே தாளை எடுத்து விரித்தேன். அதை எழுதக் கை கூசுகிறது.

கீறிக்கொண்டிருந்தபோது சின்னவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, குசினியை மட்டும் கொஞ்சம் பெரிசாய்க் கீறுங்கோ. ரெண்டு பாய் விரிக்க இடம் காணவேணும்."