பொட்டல நூல்

இது நடந்த கதை. சத்தியமாக நடந்தது. தேவபிரசாதம் அண்ணாச்சியின் டீக்கடையில் இந்த பாய்லரைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் தயார். கை சுடாமல் இருக்க ஒரு துணி மட்டும் கொடுங்கள். முழுக்க நடந்ததா என்று கேட்டால், முக்கால்வாசி நடந்தது. மீதிக் கால்வாசி என் வாயில் நடந்தது. சோடா உப்பு போடாமல் அண்ணாச்சி என்றைக்காவது வடை சுட்டிருக்கிறாரா? அது மாதிரிதான்.

சந்தேகம் வந்தால் இங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். பெஞ்சு ஓரத்தில் இருக்கிறானே சுடலைராஜ், கதையில் பாதி தூரம் அவன் ஆட்டோவில்தான் ஓடியது. தூக்குவாளியோடு டீக்கு நிற்கிற விஜிலாவுக்கு, கதை நடந்த வீடு அடுத்த வீடு.

கதை முத்துமணியுடையது. எழுபத்திரண்டு வயது. நாற்பத்தோரு வருடம் இதே தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பொட்டலம் கட்டுவதில் தூத்துக்குடியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு புயலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பேப்பரில் சுருட்டி, நூலை நாலு சுற்றுச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டி அறுத்துக் கையில் கொடுத்துவிடுவார். கடை இப்போது செல்போன் கடையாகிவிட்டது. விட்டு வரும்போது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு சாக்கு நிறைய நூல்கண்டு. எதற்கு என்று கேட்டதற்கு, "கெடக்கட்டும், ஒதவும்" என்றார். உதவியது.

அவர் மனைவி பேச்சிச்செல்விக்கு மூன்று வருடமாக ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பிறகு தெருப்பெயர் போனது. பிறகு ஆள் பெயர்கள். சில நாள் முத்துமணி அவளுக்குப் புருஷன். சில நாள் வெறும் கடைக்காரர்.

"அண்ணாச்சி, கால் கிலோ சீனி போடுங்க" என்று அடுப்படி வாசலில் வந்து நிற்பாள்.

அவரும் மறுக்க மாட்டார். டப்பாவிலிருந்து சீனியை அள்ளிப் பேப்பரில் மடித்து, நூல் சுற்றிக் கொடுப்பார். "வீட்டுல எல்லாரும் சொகமா தாயி?" என்று கேட்கவும் செய்வார். அவள் சுகம்தான் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வாள். தலையணைக்கு அடியில் இருந்த பொட்டலங்களுக்கு இந்த ஊர் எறும்பு மட்டுமல்ல, கப்பலேறி இலங்கை எறும்பும் வந்தது.

எறும்பைச் சமாளித்துவிடலாம். அவள் நடக்க ஆரம்பித்ததுதான் பெரிய பாடு. கதவு திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவாள். அதற்குத்தான் நூல். ஒரு முனை அவள் மணிக்கட்டில், மறு முனை அவர் அரைஞாண் கயிற்றில். இறுக்கமாக இல்லை. இழுத்தால் அவிழ்கிற கடை முடிச்சு. அவளை நிறுத்துவதற்கு இல்லை அது. அவள் எழுந்தால் இவர் இடுப்பில் ஒரு சுண்டு சுண்டும், அவ்வளவுதான்.

மார்கழி பிறந்தது. பேச்சிச்செல்வி ஏரல்காரி. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மார்கழி என்றால் சிறுவீடு. தினமும் விடியற்காலை வாசலில் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் பிடித்து, பூசணிப்பூ செருகி வைக்க வேண்டும். வெயில் ஏறியதும் அதைப் பூவோடு தட்டி வரட்டியாக்கிக் காயப்போட வேண்டும். பொங்கல் கழிந்து சிறுவீட்டுப் பொங்கல் அன்று, சேர்ந்த வரட்டியை எல்லாம் ஓலைப்பெட்டியில் எடுத்துப் போய், சூடம் ஏற்றி ஆற்றில் விட வேண்டும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் அவள் ஒரு வருடம் விட்டதில்லை. ஆற்றுக்குப் பதில் கடல். இந்த வருடம் அவள் கையில் கோலமாவைக் கொடுத்தால் வாயில் போட்டுக்கொண்டாள். ஆகவே கோலம் முத்துமணி தலையில் விழுந்தது.

அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் தெருப் பசு மூன்று நாள் பால் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இது கோலமா, இல்ல ஹார்பர்ல கிரேன் சரிஞ்சி கெடக்கா?" என்று விஜிலா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"புள்ளையாருக்குப் புடிச்சிருக்கு. ஒனக்கு என்ன?" என்றார் அவர். படியில் உட்கார்ந்திருந்த பேச்சிச்செல்வி மட்டும் நூல் கட்டிய கையால் பூவை எடுத்து ஒவ்வொரு பிள்ளையார் தலையிலும் சரியாகச் செருகினாள். அது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மகள் சரண்யாதேவி வருவதாகப் போன் செய்தாள். சென்னையில் டீச்சர். அரையாண்டு லீவு.

"அம்மாகிட்ட போனக் குடுத்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கா. நான் வந்து பாக்கேன். உங்களால முடியலன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்ப்பா."

மகள் நல்லவள்தான். அதுதான் முத்துமணிக்குப் பயம். சொன்னால் செய்துவிடுவாள். அவள் வீடோ மூன்றாவது மாடி. பேச்சிச்செல்விக்கு இப்போது தெரிந்ததெல்லாம் இந்த வாசலும் இந்தப் படியும்தான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இரண்டு நாள் யோசித்து அவர் ஒரு பொட்டலம் கட்டினார். அவர் வாழ்க்கையில் கட்டியதிலேயே மோசமான பொட்டலம் அதுதான்.

சரண்யாதேவி வந்து இறங்கி, அம்மாவின் கையைப் பிடித்து, "என்னம்மா, எப்படி இருக்க?" என்றாள். அம்மா சிரித்தாள்.

"ஏளா, அவ மௌன விரதம்" என்றார் முத்துமணி. "மார்கழி பூரா பேச மாட்டா. தை பொறந்துதான் வாயத் தொறப்பா."

"அம்மாவா? மௌனமா?"

அவள் ஆச்சரியப்பட்டதில் தப்பில்லை. நல்ல காலத்தில் பேச்சிச்செல்வி வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டால், லைட்ஹவுஸில் இருக்கிறவன் "என்னம்மா?" என்று கேட்பான்.

"நேர்த்திக்கடன். ஒனக்காகத்தான்" என்றார் அவர்.

அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால் உடனே ஒரு முறுக்கை வாயில் வைத்துவிடுவார். இப்படியே ஒரு நாளை ஓட்டிவிட்டார். மறுநாள் கிறிஸ்துமஸ். விஜிலா ஒரு தட்டு நிறைய கேக்கும் மக்ரூனும் கொண்டுவந்தாள். பேச்சிச்செல்வி ஒரு மக்ரூனைத் தின்று முடித்து, விரலை நக்கிவிட்டு, மகளை நன்றாகப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள யாரு?" என்று விஜிலாவிடம் கேட்டாள். "ரெண்டு நாளா இங்கனயே இருக்கு. இதுக்கு வீடு கெடையாதா?"

சரண்யாதேவி அழவில்லை. அப்பாவைப் பார்த்து, "எத்தன நாளா?" என்றாள்.

"மூணு வருசம்" என்றார் அவர். சீனிப் பொட்டலக் கதையை விஜிலா சொன்னாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா கொண்டு போயிருவ."

"கொண்டுதான் போவேன். நீங்களும் வாங்க. ரெண்டாம் தேதி சாயந்தர ரயில்."

"அவளுக்கு இந்த வாசல் ஒண்ணுதான் தெரியும் தாயி. அங்கன வந்தா அதுவும் போயிரும். பெறவு நானும் அவளுக்கு யாரோதான்."

"இப்ப மட்டும்? சீனி விக்கிற அண்ணாச்சிதான?" என்று கேட்டுவிட்டாள் மகள். கேட்டபிறகுதான் அழுதாள். ஆனால் டிக்கெட் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் முத்துமணிதான் மௌன விரதம்.

மகள் வந்ததிலிருந்து, அவள் கண் விழிக்கும் முன் நூலை அவிழ்த்து மறைத்துவிடுவார். முப்பத்தோராம் தேதி விடியற்காலை மகள் சீக்கிரம் எழுந்துவிட்டாள். வாசலில் அப்பா குனிந்து கோலம் போடுகிறார். இடுப்பிலிருந்து நூல் போகிறது. மறு முனையில் அம்மா கை.

"ஆட்டக் கட்டுத மாதிரி கட்டிருக்கீங்க! எங்க அம்மாவ!" என்று உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலை வெட்டினாள். "இனி கட்டாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டாள். ஒன்பது மணிக்குப் போன் வந்தது, அஞ்சே நிமிஷம் பேசினாள். திரும்பினால் அம்மாவைக் காணோம். பின்கட்டில் காய்ந்த வரட்டி இருந்த ஓலைப்பெட்டியையும் காணோம். முத்துமணியின் இடுப்பு சுண்டவே இல்லை.

அவர் செருப்பில்லாமல் ஓடினார். செல்போன் கடையில் இல்லை. கோயிலில் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் சுடலைராஜ், "ஏரல் பஸ்ல ஏறுனத பாத்தேனே அண்ணாச்சி! நீங்க பின்னால வாரீகன்னுல்ல நெனச்சேன்!" என்றான். அப்பாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ பறந்தது. எண்பதில் போனது.

"எம்பதா? என் வண்டி நாப்பதத் தாண்டுனா வீலு கழண்டுரும்" என்கிறான் சுடலைராஜ் இப்போது.

எண்பது என்று வைத்துக்கொள்வோம். வழியெல்லாம் முத்துமணி முன்னால் பஸ் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிற மாதம். அவள் படித்துறையில் நிற்க மாட்டாள், பெட்டியோடு இறங்கிவிடுவாள். அவருக்கு அது தெரியும். மகளுக்கும் அது தெரியும் என்பது, அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது.

சாயர்புரம் நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்தார்கள். பொம்பளைகளுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் காசு கேட்கவில்லை. "எங்கம்மா போணும்னேன், 'ஏரல் ஆத்துக்கு'ன்னாங்க. கிழிச்சுக் குடுத்தேன். எனக்கு என்ன தெரியும்?" என்றார். ஜன்னலோரம் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள் பேச்சிச்செல்வி. பத்து வயசுப் பிள்ளை மாதிரி முகம்.

"அம்மா, எறங்கு" என்று மகள் கையைப் பிடித்ததும் அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினாள். பஸ்ஸே எழுந்து நின்றது.

"யாரும்மா நீ? வயசானவுகள எதுக்கு இழுக்க?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள்.

"மகம்மா நான்!"

"அந்தம்மா அப்படிச் சொல்லலியே!"

முத்துமணி பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. காலில் ரத்தம். பேச்சிச்செல்வி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அலறலை நிறுத்திவிட்டு, மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"கட்டலையா?"

அவர் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். நாற்பத்தோரு வருடம் பொட்டலம் கட்டிய கை, முடிச்சு விழவில்லை. மூன்றாவது தடவை மகள் குனிந்து அந்த நூலை வாங்கினாள். "எப்படிப்பா போடணும்?" என்று கேட்டுக் கட்டிவிட்டாள். அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து, தானாகப் படியிறங்கி வந்தாள்.

இரண்டாம் தேதி மகள் மட்டும் போனாள். போவதற்கு முன்னால் அன்று காலைக் கோலத்தை அவள் போட்டாள், தன் இடுப்பில் நூலைக் கட்டிக்கொண்டு. பகலில் கூட இருக்க ஓர் ஆள் ஏற்பாடு செய்தாள். தினமும் போனில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றாள். "பொய் சொல்லணும்னு தோணுச்சுன்னா நீங்க மௌன விரதம் இருங்க" என்றாள். முத்துமணி சிரித்தார். ரயில் நகர்ந்தபோது பேச்சிச்செல்வி கையசைத்தாள். கூடவே அவர் இடுப்பும் சுண்டியது.

"யாரு வீட்டுப் புள்ள அது?" என்று கேட்டாள். "அழுதுகிட்டே போகுது."

"இங்கதான் தப்பு" என்று சுடலைராஜ் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "கூட்டிட்டுப் போயிருக்கணும். முத்துமணி அண்ணாச்சி நாளைக்கு விழுந்துட்டாருன்னா நூலோட அந்தப் பக்கத்த யாரு பிடிக்கா?"

"மூணாவது மாடியில கொண்டு அடைக்கச் சொல்லுதியா?" என்று தூக்குவாளியோடு திரும்பினாள் விஜிலா. "பெத்த மகளையே தெரியாத அக்கா, அந்த மனுசன்கிட்ட மட்டும் கைய நீட்டுச்சே, அத நீதான பாத்த?"

"பாத்தேன். ஆத்துல எறங்கியிருந்தா அதையும் பாத்துருப்பேன்."

"பேசுதான் பாரு! ஒங்க அம்மாவ குலசையில தங்கச்சி தலையில கட்டிட்டு, வருசத்துக்கு ஒருக்க தசராவுக்குப் போயிப் பாக்கிற ஆளு!"

"ஏளா, எங்க அம்மா பேச்ச எடுத்தேன்னா..."

"எடுப்பேன். என்னல செய்வ?"

"ஏலே, கிளாசு! கிளாசு!" என்று பாய்லருக்குப் பின்னாலிருந்து தேவபிரசாதம் அண்ணாச்சி கத்தினார். அதற்குள் அது உருண்டுவிட்டது.