பின்சக்கரத்துக்கு ஒரு பொட்டு

என் கணவர் கேட்காமலேயே விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். கிள்ளானில் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடையிலிருந்து வந்தவர், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு சின்னப் பல்சக்கரம்.

“முன்னால இருந்த மூணையும் கழட்டியாச்சும்மா. இனிமே ஒண்ணே ஒண்ணுதான். மேடு ஏறுறதுக்கு இந்தச் சின்னதுதான் வேணும். இதுவே இல்லாம நான் எப்படி புக்கிட், மலையெல்லாம் ஏறுவேன்? நீ நிம்மதியா இருக்கலாம்லா.”

இவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சமதரையில் மட்டும் சைக்கிள் ஓட்டலாம், மேடு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஆஸ்பத்திரி நாற்காலியில், உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. சமாதானம் சொல்ல ஒருவர் மலை ஏறும் பல்சக்கரத்தையே கழற்றிக்கொண்டு வருகிறார் என்றால், மலை அவர் மனதில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அதன்பிறகு ஞாயிறுதோறும் கேரி தீவுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். செம்பனைத் தோட்டத்துச் சாலை, மேடே கிடையாது, எனக்கும் தெரியும். ஆனால் முன்பெல்லாம் அங்கே போனால் நண்டு வாங்காமல் வரமாட்டார். இப்போது வெறுங்கை. கேட்டால், “கடை அடைச்சிருச்சு.” வாராவாரமா அடைப்பார்கள்? வீட்டுக் காரையே கழுவாத மனிதர், சைக்கிளை வாசல் குழாயடியில் நிறுத்தித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. கேரி தீவில் ஏது செம்மண்? இன்னும் கொஞ்சம் மாட்டட்டும் என்று விட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஓடுகிற, சுற்றுகிற எதையும் விடமாட்டோம். கார், மிக்சி, துணி துவைக்கும் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பேன். சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னேன். அவர் அதைச் சுவரோரமாக, பின்சக்கரம் பூந்தொட்டிக்குப் பின்னால் மறைகிற மாதிரி நிறுத்தினார்.

“முன்னால வச்சா போதும்மா.”

“அதென்ன, பின்சக்கரம் என்ன பாவம் பண்ணுச்சு?”

தொட்டியை நகர்த்தினேன். பின்னால் பளபளவென்று புதுப் பல்சக்கரங்கள். பழையதில் பெரியது என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். இது கையிலிருந்த கற்பூரத் தட்டு அளவுக்கு இருந்தது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் பின்னால் பெரிதாக இருந்தால் மேடு சுலபம் என்று இத்தனை வருடமாகச் சோற்றில் கை வைத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தவர் இவர்தான். முன்னால் கழற்றியதைக் காட்டினார், பின்னால் மாட்டியதை மறைத்தார்.

“எந்த மேடுங்க?” என்றேன். குங்குமக் கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்தேன்.

அவர் மறுக்கவில்லை. பூந்தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“படுத்தா இது அடிக்குதா இல்லையான்னு கேட்டுக்கிட்டே கிடக்குறேன்மா. எந்நேரமும் சந்தேகமாவே இருக்கு. மேட்டுல மூச்சு வாங்கி, காதுக்குள்ள தடதடன்னு கேக்குறப்பதான் இன்னும் ஓடுதுன்னு நம்பிக்கை வருது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினேன். அந்த வாரமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், செம்மண் வரைக்கும் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். டாக்டர் அவரை மெஷினில் ஓடவிட்டுப் பார்த்தார். சின்ன மேடு பரவாயில்லை, நிதானமாக ஏறவேண்டும், தனியாக மட்டும் போகக்கூடாது என்றார்.

அதனால் இப்போதெல்லாம் நானும் போகிறேன். முதல் நாள், புது வண்டிக்கு வைப்பதுபோல் இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கவைத்தேன். அவர் மேலே போனதும் அடிவாரத்தில் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்க்கில் கொண்டுபோன தேநீரைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை.

செம்மண் படிந்த காலோடு இறங்கி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன்.

“இன்னும் நம்பலயா?” என்று சிரித்தார்.

“இல்லீங்க. சும்மா நில்லுங்க.”

அந்தத் தடதடப்பு அடங்கி நிதானமாகும்வரை நான் கையை எடுக்கவில்லை.