ராஜி ரீச்சரின் பத்தியம்

பாடம் நடந்துகொண்டிருந்தபோது நடேசன் அண்ணனின் அழைப்பு வந்தது. "ரீச்சர் போயிட்டா, தங்கச்சி" என்றார். தன் மனைவி ராஜியை அவரும் எங்களைப் போல ரீச்சர் என்றே சொல்வார். 

சித்தாண்டிப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு கற்பித்தவர்களுக்கு ரீச்சரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விஞ்ஞான ஆசிரியை, உரத்துச் சிரிப்பவர். இடைவேளையில் எங்கள் எல்லோருடைய சாப்பாட்டுப் பெட்டியிலும் கைவைப்பார். "ருசி பார்க்காம எப்பிடிக்கா குறை சொல்றது?" என்பார். நீரிழிவு சிறுநீரகங்களை அழித்துக்கொண்டிருந்தது அவருக்கே பிந்தித்தான் தெரியவந்தது.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினால், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குப் போவதைச் சில காலம் தள்ளிப்போடலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நோய் மாறாது என்பதையும் மறைக்கவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும். மீனும் பருப்பும் அளவோடுதான். காய்கறியை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட வேண்டும். நடேசன் அண்ணன் வாவியில் மீன் பிடிப்பவர். மனைவிக்குச் சிறு துண்டு ஒன்றை வைத்துவிட்டு, தான் மீனையே விட்டுவிட்டார். "நீங்க ஏன் பட்டினி கிடக்கிறீங்க?" என்று ரீச்சர் என் முன்னாலேயே அவரோடு சண்டை பிடித்தார்.

ஒருநாள் ரீச்சரின் மாமியார், சிறுநீரகத்தைக் கழுவிவிடும் என்று நம்பி ஒரு குலை இளநீர் கொண்டுவந்தார். அதிலுள்ள பொட்டாசியம் தன் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்று ரீச்சர் வகுப்பில் விளக்குவதுபோலப் பொறுமையாகச் சொன்னார். மாமியாருக்கு விளங்கவில்லை. "நான் என்ன நஞ்சா கொண்டுவந்த?" என்று அழுதுகொண்டே போய்விட்டார்.

பிறகு பயம் பத்தியத்தை மிஞ்சியது. குறைக்கச் சொன்னதையெல்லாம் ரீச்சர் நிறுத்தினார். அந்த மீன் துண்டும் போயிற்று. சோறு ஒரு கைப்பிடியாயிற்று. சேலை உடம்பில் நிற்கவில்லை. வைத்தியர் கோபித்தார். "அளவோட சாப்பிடச் சொன்னது, சாப்பிடாம இருக்கச் சொல்லல்ல அம்மா. தசையெல்லாம் கரையுது." ரீச்சர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தும் உண்ணவில்லை. "அந்த மெசின்ல ஏறினா பிறகு இறங்க ஏலாதுகா" என்றார்.

கடைசியில் மூச்சு முட்டி, அந்த மெசினுக்கே போக வேண்டி வந்தது. இயந்திரம் சத்தையும் சேர்த்து இழுத்துவிடும், ஆகவே இனி மீனும் முட்டையும் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி விடுதியில் சொன்னார்கள். நடேசன் அண்ணனின் முகத்தில் வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு தெளிவைக் கண்டேன். மறுநாளே தான் பிடித்த கொடுவா மீனைக் கறியாக்கிக் கொண்டுவந்து, முள் பார்த்து ஊட்டினார். ரீச்சரால் விழுங்க முடியவில்லை. "வாயெல்லாம் இரும்பு மாதிரிக் கிடக்கு. கோவிக்காதீங்க" என்றார். அண்ணன் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். நெடுநேரம் திரும்பி வரவில்லை.

அவர் வெளியே நின்ற அந்த நேரத்தில் ரீச்சர் என் கையைப் பிடித்தார். "பயந்து பயந்துதானே சாப்பிட்டன். கூடச் சாப்பிட்டிருந்தா தப்பியிருப்பனா? இல்லாட்டி இன்னும் வெள்ளென செத்திருப்பனா?"

அவருடைய படிப்பித்தலையும் சிரிப்பையும் நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். வைத்தியரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் ரீச்சரின் கிளினிக் அட்டையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டத் தொடங்கினார்.